போக்கிமொன் கேம்ல பெலிப்பர் வச்சு மழை டீம் கட்டினன், ஒன்லைன் லேடர்ல (தரவரிசைல) 1200 புள்ளி தாண்ட ஏலாம இருக்கு. எதை மாத்துறது?

கேள்வில நீங்கள் போட்டிருக்கிற ஆறு பேரையும் பார்த்த உடனே பதில் எழுதோணும் போல வந்திட்டுது, ஏனெண்டா 2024 செப்டெம்பர்ல நானும் இதே ஆறு பேரோடதான் திரிஞ்சனான். பெலிப்பர், பொலிட்டோட், கிங்ட்ரா, லுடிகோலோ, பராஸ்கூடா, பாஸ்குலீஜன். ஆறும் தண்ணி வகைப் போக்கிமொன். நீங்கள் ஏ/எல் எடுக்கிற வயசுப் பெடியனா இருப்பீங்கள் எண்டு நினைச்சுத்தான் எழுதுறன், தம்பி எண்டு சொன்னா குறை நினைக்காதேங்கோ. யூடியூப்ல ஆரோ மழை டீமால அடிச்சுத் தள்ளுறதைப் பார்த்திருப்பீங்கள், அதே மாதிரி ஷோடவுன் எண்ட ஒன்லைன் சண்டைத் தளத்தில கட்டியிருப்பீங்கள், 1000ல தொடங்கி 1150 வரைக்கும் சும்மா ஏறியிருக்கும், அதுக்குப் பிறகு ஒரு நாள் ஏத்தம் ரெண்டு நாள் இறக்கம். சரியோ?

முதல்லயே சொல்லிப்போடுறன், நான் கதைக்கிறது டபிள்ஸ், அதாவது ஒரே நேரம் ரெண்டு பேருக்கு ரெண்டு பேர், வி.ஜி.சி எண்ட போட்டி முறை, ஆறு பேரைக் காட்டி நாலு பேரை இறக்கிற ஃபோர்மட். சிங்கிள்ஸ் ஆக்கள் வந்து "ஸ்டெல்த் ரொக் பற்றி ஒண்டுமே சொல்லேல்லையே" எண்டு தொடங்க வேண்டாம். ரெகுலேஷன் (ஆரை எல்லாம் பாவிக்கலாம் எண்ட விதி) மாறினா நான் சொல்லுற பேர்களும் மாறும், அதுவும் தெரியும். மழையின்ட கணக்கு மட்டும் அப்பிடியேதான் இருக்கும்.

மழைல தண்ணி மூவ் (அடி) ஒண்டரை மடங்கு, நெருப்பு பாதி, ஹரிகேன், தண்டர் எண்ட ரெண்டு மூவும் 70 வீதத்தில இருந்து தவறாத அடியா மாறும், ஸ்விஃப்ட் ஸ்விம் எண்ட எபிலிட்டி (பிறவிக் குணம்) இருக்கிற ஆக்களுக்கு ஸ்பீட் ரெட்டிப்பு. இது உங்களுக்கும் தெரியும். ஆனா இந்த லிஸ்டைப் படிச்சிட்டு "அப்ப எல்லாரும் தண்ணியா இருந்தா எல்லாருக்கும் லாபம்தானே" எண்டு நினைக்கிற இடத்திலதான் பிழை தொடங்குது. எதிர்ப்பக்கம் ஒரே ஒரு காஸ்ட்ரோடன் நிண்டாக் காணும். அதின்ட ஸ்டோர்ம் ட்ரெயின் எபிலிட்டி ஒரு ஆளைக் குறிவச்ச தண்ணி அடி எல்லாத்தையும் தன்னட்ட இழுத்து ஸ்பெஷல் அட்டாக்கையும் ஏத்திக்கொள்ளும். உங்கட ஆறு பேர்ல அதுக்குச் சரியான பதில் லுடிகோலோ ஒண்டுதான், அதை அவங்கள் முதல்லயே தட்டிடுவாங்கள். ரில்லபூம் வந்தா அதின்ட புல் அடி கிராஸி கிளைட் ப்ரையாரிட்டியோட, அதாவது ஸ்பீட் பாக்காம, முந்தி அடிக்கும். ஸ்பீட் ரெட்டிப்பானாலும் ப்ரையாரிட்டிக்கு முன்னால அந்த ஸ்பீட் உதவாது, பராஸ்கூடா ஒரு அடிக்குத் தாங்காது.

இதெல்லாம் ஆரும் சொல்லித் தருவினம். ஆரும் சொல்லாத ஒண்டு இருக்கு, அதுக்குத்தான் இந்தப் பதில்.

மழை அஞ்சு டேர்ன். ஒரு காலத்தில அப்பிடி இல்லை. 2010ல பிளாக், வைட் கேம் வந்தப்போ பொலிட்டோடுக்கு டிரிசில் (களத்தில இறங்கின உடனே மழை கொண்டுவாற எபிலிட்டி) கிடைச்சுது, அதை இறக்கினா வேற வெதர் வரும் வரைக்கும் மழை நிக்காது. 2013ல எக்ஸ், வை வந்துதான் அதை அஞ்சு டேர்னுக்குக் குறைச்சது, மழையை நீட்டுற டாம்ப் ரொக் எண்ட சாமானைப் பிடிச்சிருந்தா எட்டு. பெலிப்பருக்கு டிரிசில் வந்தது 2016ல சன், மூனோட. பழைய ஆக்கள் "மழை எண்டா மூளை தேவையில்லை, அமத்தினாச் சரி" எண்டு சொல்லுறதைக் கேட்டா எனக்குச் சரியான கோவம் வரும். அவங்கள் சொல்லுறது அந்தக் காலத்து மழை. இப்ப இருக்கிற மழை எண்ணித்தான் செலவழிக்கோணும்.

அதை நான் படிச்ச இடம் வெள்ளவத்தைல, கால்வாய்ப் பக்கம் ஒரு சிநேகிதன்ட ஃபிளாட். 2024 ஒக்டோபர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டுப் பேர், எல்லாருக்கும் லப்டொப் இல்லை, நாலு பேர் போன்லதான் விளையாடினம். பின்னேர மழை பிடிச்சதில ரெண்டு பேர் காலி வீதில நிண்டுபோய் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தவை, சிநேகிதன்ட அம்மா ரோல்ஸும் பிளேன்டீயும் தந்து தந்தே எங்களை இருத்தி வச்சவா. ஃபைனலுக்கு நானும் சிநேகிதன்ட ஒண்டவிட்ட தங்கச்சியும். அவவுக்கு அப்ப 14 வயசு இருக்கும். ஒரு சத்தமும் போடாம எல்லாரையும் வெண்டு வந்திருந்தா.

அப்ப நான் பொலிட்டோடை எடுத்துப்போட்டு ஆர்க்கலூடனைச் சேர்த்திருந்தன். மூண்டாவது கேம், ஆளுக்கு ஒவ்வொண்டு வெண்டு நிக்குது. நான் இறக்கினது பெலிப்பரும் ஆர்க்கலூடனும், பின்னால பாஸ்குலீஜன், கிங்ட்ரா. அவா இன்சினரோரும் அமூங்கஸும். முதல் டேர்ன் இன்சினரோர் ஃபேக் அவுட்டால (முந்தி அடிச்சு எதிராளியை அந்த டேர்ன் அசைய விடாத மூவ்) ஆர்க்கலூடனை நிப்பாட்டிச்சு, அமூங்கஸ் ப்ரொடெக்ட் போட்டு அடி படாம நிண்டுது, நான் நாலு டேர்னுக்கு என்ட பக்கத்து ஸ்பீடை ரெட்டிப்பாக்கிற டெயில்விண்ட் போட்டன். ரெண்டாவதுல பெலிப்பரை எடுத்து பாஸ்குலீஜனை விட்டன், அவா இன்சினரோரை எடுத்து கோல்டெங்கோவை விட்டா. ஆர்க்கலூடன்ட எலெக்ட்ரோ ஷாட்டை (மழைல காத்திருக்காமப் பாயிற மின்சார அடி) அமூங்கஸ் ரேஜ் பவுடரால தன்னட்ட இழுத்துக்கொண்டுது, புல்லுக்கு மின்சாரம் பாதிதானே, விழேல்ல. மூண்டாவதுல ரெண்டு பேரும் ப்ரொடெக்ட். என்ட ரெண்டு அடியும் வீண். அப்பவே விளங்கியிருக்கோணும், அவா என்னோட சண்டை பிடிக்கேல்ல, மழையைச் செலவழிக்கிறா.

நாலாவது டேர்ன். மழை முடியப்போகுது எண்டு பதறி, பாஸ்குலீஜனை எடுத்துப் பெலிப்பரைத் திருப்பி இறக்கினன். ஸ்கிரீன்ல வழக்கமா வாற டிரிசில் வரி வரேல்ல. நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஆர்க்கலூடன் அமூங்கஸை விழுத்திச்சு, எனக்கு அந்தச் சந்தோசம். டேர்ன் முடிய டெயில்விண்டும் நிண்டுது, அவா ஸ்னீஸ்லரை விட்டா. அஞ்சாவதுல ஸ்னீஸ்லர் முந்தி வந்து குளோஸ் கொம்பட், ஆர்க்கலூடன் போச்சு. அந்த டேர்ன் முடியேக்க மழையும் நிண்டுது. பெலிப்பர் களத்திலயே நிக்குது, மழை இல்லை, பின்னால மழை இல்லாட்டி ஸ்பீட் இல்லாத ரெண்டு பேர். அதுக்குப் பிறகு மூண்டு டேர்ன்ல எல்லாம் முடிஞ்சுது.

அவா லப்டொப்பை மூடாம என்னைப் பார்த்துச் சொன்னா, "அண்ணா, மழை இருக்கேக்க பெலிப்பரை இறக்கினா திருப்பி அஞ்சு வராது."

வராது தம்பி. மழை ஏற்கனவே பெய்யுதெண்டா டிரிசில் வேலை செய்யாது, மிச்சம் இருக்கிற டேர்ன்தான் மிச்சம். ரெண்டு வருசமா விளையாடுறன், இது எனக்குத் தெரியாம இருந்திருக்கு. தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன், அதுதான் இன்னும் மோசம்.

இப்ப அந்த நாலாவது டேர்னைத் திருப்பி யோசிச்சுப் பாருங்கோ. பாஸ்குலீஜனை எடுக்காம விட்டிருந்தா அஞ்சாவதுல மழை இன்னும் இருக்கு. லெவல் 50ல முழுசா ஸ்பீட் போட்ட பாஸ்குலீஜன் 143, மழைல 286. ஸ்னீஸ்லர் முழுசாப் போட்டாலும் 189. நான்தான் முதல்ல அடிச்சிருப்பன். ஆர்க்கலூடன் விழுந்தாலும் பரவாயில்லை, ஏனெண்டா விழுந்த ஆளுக்குப் பதிலா வாற ஆள் டேர்ன் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வரும், அதுக்குள்ள பழைய மழை நிண்டிருக்கும், அந்த இடத்துக்குப் பெலிப்பர் வந்தா ஒரு டேர்னும் செலவில்லாமப் புது மழை, புது அஞ்சு. ஒருத்தரும் விழாட்டியும், ஆறாவது டேர்ன் தொடக்கத்தில பெலிப்பரை மாத்தி இறக்கினாக் காணும், மாத்துறது எப்பவும் அடிக்கு முன்னால நடக்கிறதால அதே டேர்ன்ல ஆர்க்கலூடன்ட எலெக்ட்ரோ ஷாட் காத்திருக்காமப் பாயும்.

அண்டிரவே ஒரு சி.ஆர் கொப்பி எடுத்து, சேமிச்சு வச்ச ரீப்ளே ஒவ்வொண்டையும் போட்டு, எந்த டேர்ன்ல மழை நிண்டுது, அப்ப பெலிப்பர் எங்க நிண்டுது எண்டு மட்டும் எழுதினன். வேற ஒண்டும் எழுதேல்ல. தோத்ததில பாதிக்கு மேல பெலிப்பர் ஒண்டில் செத்திருந்துது, இல்லாட்டி மழை நிக்கேக்க களத்தில நிண்டுது. நீங்களும் இதைச் செய்யுங்கோ. டீமை மாத்த முதல் இதைச் செய்யுங்கோ, அப்பதான் எதை மாத்துறதெண்டு தெரியும்.

பெலிப்பருக்கு டாம்ப் ரொக் கொடுக்கிறதா ஃபோகஸ் சேஷ் கொடுக்கிறதா எண்டு ரெண்டு கிழமை குழம்பினன். எட்டு டேர்ன் கேக்க நல்லா இருக்கும், ஆனா பெலிப்பர் மின்சாரத்துக்கு நாலு மடங்கு வீக், முதல் டேர்ன்லயே போனா ரெண்டாவது மழைக்கு ஆள் இல்லை. சேஷ் வச்சா ஒரு அடி தாங்கி டெயில்விண்டும் போட்டுட்டு உள்ள போகும், பிறகு வந்து ரெண்டாவது மழை. எட்டை விட அஞ்சும் அஞ்சும் பெரிசு. டாம்ப் ரொக் ஆக்கள் சண்டைக்கு வருவினம், வரட்டும், என்ட அனுபவத்தில இதுதான் சரி.

அடுத்தது ஸ்பீட். ரெண்டு பக்கமும் வெதர் ஆக்கள் ஒரே நேரம் இறங்கினா, ஸ்பீட் குறைஞ்ச ஆளின்ட வெதர்தான் கடைசில நிக்கும். ஸ்பீட்ல ஒண்டும் போடாத பெலிப்பர் 85, மணல் காத்துக் கொண்டுவாற டைரானிட்டார் ஒண்டும் போடாட்டி 81. அந்த நாலு புள்ளில மணல் காத்து வெல்லும். ஸ்பீடைக் குறைக்கிற நேச்சர் (சுபாவம்), ஸ்பீட் ஐவி (பிறவிப் புள்ளி) 0 போட்டா பெலிப்பர் 63க்கு இறங்கும், மழை வெல்லும். ஆனா டெயில்விண்ட் பிந்தித்தான் விழும், அதை யோசிச்சுச் செய்யுங்கோ. வெயில் கொண்டுவாற டோர்கோலை மட்டும் இப்பிடிப் பிடிக்க ஏலாது, அது 40. டோர்கோல் இருக்கிற டீமுக்கு முன்னால பெலிப்பரை லீட்ல (முதல் இறக்கிற ரெண்டு பேர்ல) விடவே கூடாது, வெயில் வரட்டும், அடுத்த டேர்ன் மாத்தி இறக்கி அவங்கட வெயிலைக் கெடுக்கோணும்.

ஆக்களைப் பொறுத்தவரை நான் கடைசில நிண்ட இடம் இது: மழை வேண்டிய ஆக்கள் பெலிப்பர், ஆர்க்கலூடன், பாஸ்குலீஜன், மூண்டே பேர். மழை இல்லாட்டியும் தனியா நிக்கக்கூடிய ஆக்கள் ரில்லபூம், கிங்கம்பிட், ஸ்னீஸ்லர். ஸ்னீஸ்லரைச் சேர்த்ததுக்குக் காரணம் உங்களுக்கே விளங்கும். ரில்லபூம் ஃபேக் அவுட்டால பெலிப்பருக்கு டேர்ன் எடுத்துத் தரும், காஸ்ட்ரோடனுக்கும் அதுதான் பதில். கிங்ட்ராவை எடுக்க எனக்கு மனமே வரேல்ல, சின்ன வயசில இருந்து பிடிச்ச ஆள், ஆனா மழை நிண்டா அதால ஒண்டும் ஏலாது எண்டு கொப்பிலயே எழுதியிருக்கேக்க என்ன செய்யிறது. இப்ப சில கேம்ல பெலிப்பரை நாலு பேருக்குள்ள எடுக்கிறதே இல்லை. எதிராளி மழைக்கெண்டே தயாராகி வாறார், நான் ரில்லபூம், கிங்கம்பிட், ஸ்னீஸ்லரோட போறன். அப்பிடிப் போகத் தொடங்கின பிறகுதான் 1200ஐத் தாண்டி 1400 கண்டன். 1400 பெரிய விசயமில்லை எண்டு சொல்லுற ஆக்கள் இருப்பினம், எனக்குப் பெரிய விசயம்தான்.

இதுக்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, எண்டாலும் சொல்லாம இருக்க ஏலாது. இந்தப் பயிற்சி முழுக்க நான் நடுச்சாமத்திலதான் செய்தனான், ஏனெண்டா எங்கட வீட்டு இன்டர்நெட் பேக்கேஜ்ல பாதி டேட்டா இரவு 12ல இருந்து காலமை 8 வரைக்கும் மட்டும்தான். வேலைக்குப் போற ஆள், படிக்கிற பிள்ளை, ஆர் அந்த நேரம் முழிச்சிருந்து பாவிக்கிறது? காசு முழுசா எடுக்கினம்தானே. பேக்கேஜை மாத்துவம் எண்டு அம்மா அவங்கட நம்பருக்கு எடுத்தா, தமிழுக்கு எண்டு சொன்ன இலக்கத்தை அமத்தி, இருவது நிமிசம் பாட்டுக் கேட்டு, கடைசில வந்த பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. அம்மா போனைக் கையில பிடிச்சுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. கொழும்பில முப்பது வருசமா இருக்கிறா, சந்தைல பஸ்ஸில எல்லாம் சிங்களம் கதைப்பா, ஆனா டேட்டா, பில், கொன்ராக்ட் எண்டு வரேக்க தன்ட பாசைல கேட்டு விளங்கிக்கொள்ளோணும் எண்டு நினைக்கிறது பிழையா? தமிழுக்கெண்டு ஒரு இலக்கத்தை வச்சா அந்தப் பக்கம் தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளையும் இருத்துங்கோ. நான் வேற பாசைல கதைச்சு முடிச்சன், பேக்கேஜ் மாறேல்ல, அந்த மாதிரிப் பேக்கேஜே இல்லையாம்.

சரி. நீங்கள் முதல்ல பொலிட்டோடையும் பராஸ்கூடாவையும் எடுத்துப்போட்டு ஆர்க்கலூடனையும் ரில்லபூமையும் போட்டு இருவது கேம் விளையாடுங்கோ, ஒவ்வொண்டிலயும் மழை நிண்ட டேர்னை எழுதுங்கோ. பிறகு அந்த டீமையும் எழுதின கணக்கையும் இந்தப் பதிலுக்குக் கீழ போடுங்கோ, நான் பார்த்துச் சொல்லுறன். இரவு 12க்குப் பிறகுதான் ஒன்லைன்ல இருப்பன்.