அமெரிக்காவில் கல்லீரல் புற்றுநோய் சில இனத்தவரை மட்டும் ஏன் அதிகம் தாக்குகிறது?

மரபணுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்குத்தான். ஒவ்வொரு குழுவுக்கும் காரணம் வேறு.

ஆசிய அமெரிக்கர்களிடம் முக்கியக் காரணம் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ். அமெரிக்க மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 6%தான். ஆனால் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் பாதிக்கும் மேல் அவர்களே. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் சுமார் 90% குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானாகவே போய்விடும். இன்னொன்று, இந்த வைரஸ் கல்லீரல் சுருங்கி இறுகும் முன்பே, அதாவது சிரோசிஸ் இல்லாமலேயே, புற்றுநோயைக் கொண்டுவரக்கூடும்.

ஹிஸ்பானிக் மக்களிடம், அதாவது ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களிடம், நீரிழிவு, உடல் பருமன், கொழுப்புக் கல்லீரல் அதிகம். மரபணு உண்மையிலேயே பேசுவது இங்கேதான்: பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் ஒரு வகை கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கிறது, அது இவர்களிடம் பரவலாக உண்டு.

கறுப்பினத்தவரிடம் ஹெபடைடிஸ் சி என்ற இன்னொரு கல்லீரல் வைரஸ் ஒரு பெரிய காரணம். ஆனால் எனக்கு அதிகம் உறுத்துவது அப்புறம் நடப்பது. நோய் முற்றியபின் கண்டுபிடிக்கப்படுகிறது. அறுவை சிகிச்சையும் கல்லீரல் மாற்று சிகிச்சையும் வெள்ளையரைவிடக் குறைவாகவே கிடைக்கின்றன. இதை மரபணுவின் தலையில் கட்ட முடியாது.

அலாஸ்கா பூர்வகுடிகளிடம் 1980களில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். சிறுவர்களிடையே கல்லீரல் புற்றுநோய் அங்கே ஏறக்குறைய இல்லாமலே போனது.