ஏழு பிழை எண்ணிய அம்மாவுக்கு

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் ஸ்பெல்லிங் வரவே மாட்டேன் என்கிறது. தப்பான வார்த்தையை இருபது தடவை எழுத வைத்தும் பலனில்லை. என் பிறந்தநாளுக்கு எழுதித் தந்த கடிதத்தில்கூட ஏழு பிழை. ஹேப்பிக்கு ஒரே ஒரு பி, மேக்கிங்கில் ஈயை விடவில்லை, நைட்டுக்கு 'என், ஐ, டி, ஈ'. சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தேன். எவ்வளவோ முயற்சி செய்துவிட்டேன். டியூஷனில் சேர்க்கட்டுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: டியூஷன் கிடக்கட்டும். ஏழு பிழை என்று எண்ணிச் சொன்னீர்களே, கடிதத்தில் என்ன எழுதியிருந்தாள் என்று ஒரு வரி சொன்னீர்களா? அம்மாவுக்கு ஆசையாக எழுதியது விடைத்தாளாகத் திரும்பி வந்தால், அடுத்த வருஷம் எந்தப் பிள்ளை எழுதும்?

உங்கள் கடிதத்திலும் 'முயற்ச்சி' என்று இருந்தது. ற் வந்தால் அதன் பின்னால் இன்னொரு ஒற்று வராது. அச்சுக்குப் போகுமுன் நானே திருத்திக்கொண்டேன். சுழித்து உங்களுக்குத் திருப்பி அனுப்பவில்லை.

அவள் பிழைகளைப் பாருங்கள். ஹேப்பியும் நைட்டும் காதால் கேட்டு எழுதியவை, மேக்கிங் மேக்கோடு 'இங்'கை அப்படியே ஒட்டியது. தமிழ் எழுதிப் பழகிய பிள்ளை வேறு எப்படி எழுதும்? ரன்னோடு 'இங்' சேர்ந்தால் ஏன் 'என்' இரண்டாகிறது? தனிக்குறில் முன் ஒற்று உயிர் வரின் இரட்டும் என்று பள்ளியில் படித்தோமே, கல்லெறிந்தான், அதே கதைதான். ஹேப்பியிலும் ஓசை குறுகியது, அதனால் இரண்டு பி. பேபியில் நீண்டது, நடுவில் ஒன்றே போதும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். மேக்கின் கடைசி ஈ, தான் ஒலிக்காமல் முன்னால் இருக்கும் ஏ-யை நீட்டிக் கொடுக்கிறது. 'இங்' வந்தால் அந்த வேலையை ஐ பார்த்துக்கொள்ளும், ஈ கிளம்பிவிடும்.

நைட்டில் அவள்மேல் குற்றமே இல்லை. நடுவில் நிற்கும் ஜி, ஹெச் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து ஒலித்தவை. 1476-ல் காக்ஸ்டன் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடம் போட்டார். அச்சில் ஏறிய எழுத்து மெல்ல மெல்ல நிலைத்துவிட்டது, பேச்சில் அந்த ஒலி தேய்ந்தே போனது. மாடு போன பிறகும் தொழுவம் நிற்கிறது, அவ்வளவுதான். லைட், ரைட், ஃபைட், டைட் எல்லாம் அந்தக் குடும்பம். சேர்த்துக் காட்டினால் பிடித்துக்கொள்வாள். இருபது தடவை எழுதினால் கைதான் வலிக்கும்.

இதைச் சொல்லித்தர ஆள் வைக்க வேண்டுமா? சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் போதும். அப்பாவும் உட்காரட்டும், உங்கள் கடிதத்தில் அவர் பேச்சே இல்லை.

பிள்ளை கடிதம் எழுதினால் பெற்றவர் பதில் எழுத வேண்டும் என்பது என் கட்சி. இன்றைக்கே எழுதுங்கள், தமிழிலேயே. அதற்கு முன் அவளிடம் அந்தக் கடிதத்தைத் திரும்பக் கேளுங்கள். கிழித்துப் போட்டிருந்தால் மறுபடி எனக்கு எழுதுங்கள், அப்போது ஸ்பெல்லிங் பற்றிப் பேச வேண்டாம்.