மூட்டைக் கணக்கு தெரிந்த பெண்ணுக்கு எதற்கு 12 லட்சம் கடன்?

போன ஞாயிற்றுக்கிழமை திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு பற்றி என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே தாய்மாமா. உட்கார்ந்ததுமே அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பட்டாளத்துக்குப் போறேங்கிறா சார். அங்க போயும் சாமான் கணக்குப் பாக்குற வேலையாம். ஊர்ல சொன்னா சிரிப்பாங்க." மாமாவின் கையில் சென்னைப் பொறியியல் கல்லூரி ஒன்றின் கட்டணத் தாள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், விடுதியோடு நாலு வருஷத்துக்கு 12 லட்சம். இருக்கிற நிலத்தில் ஆத்துப் பாசனம் உள்ள ஒரு ஏக்கரை அடமானம் வைப்பதாக ஏற்பாடு.

அம்மாவைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். 12 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 1,32,000. மாதம் 11,000 ரூபாய் வட்டி மட்டும். அசல் அப்படியே நிற்கும். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா திறக்காதா என்று வருஷாவருஷம் வானத்தைப் பார்க்கிற குடும்பம் இந்தச் சுமையைத் தூக்கக் கூடாது. அதுவும் அந்தப் பெண் ஒரு முறைகூட கேட்காத படிப்புக்காக.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. சம்பா அறுப்பு சமயத்தில் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அப்பாவோடு போய் உட்கார்ந்து எழுதியது. வண்டி வந்த நேரம், 40 கிலோ மூட்டை எத்தனை, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டித் திரும்பியது எத்தனை, வாங்கிய சாக்கு எத்தனை, கிழிந்தது எத்தனை, எந்த அம்பாரத்துக்கு எந்தத் தார்ப்பாய் என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். யார் எழுதச் சொன்னார்கள் என்றேன். "யாரும் சொல்லல சார். எழுதலன்னா சாக்குக் கணக்கு இடிக்கும்" என்றாள். இந்தப் புத்தி காசு கொடுத்தாலும் வராது.

இனி அந்த அம்மா பயந்த வேலைக்கு வருகிறேன். சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி 1963 முதல் இருக்கிறது. 49 வாரம் அங்கே கேடட்டுகள், அதாவது அதிகாரியாகப் பயிற்சி பெறுபவர்கள், ஓடுகிறார்கள், சுடுகிறார்கள், காட்டில் முகாம் போடுகிறார்கள். அணிவகுப்பு நாளில் நமக்குத் தெரிவது அவர்கள் மட்டும்தான். அவர்களுக்கு வேளாவேளைக்குச் சோறு, முகாமுக்குத் தண்ணீர் வண்டி, அளவான பூட்ஸ், கம்பளி, லாரிக்கு டீசல் எல்லாம் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வது வேறு ஆட்கள்.

துப்பாக்கிச் சுடும் பயிற்சி நடக்கிற ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டாக்களை எண்ணி, வவுச்சரில் கையெழுத்து வாங்கித்தான் கிடங்கிலிருந்து வெளியே எடுக்க முடியும். வண்டி, காவல், ஆம்புலன்ஸ், டீ, சாப்பாடு எல்லாம் நேரத்துக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். சுட்டு முடித்ததும் காலி உறைகளைப் பொறுக்கி எண்ண வேண்டும். 500 தோட்டா கொடுத்திருந்தால், உறையும் மிஞ்சியதும் சேர்ந்து 500 வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் புல்லுக்குள் தேடல்தான். சாக்குக் கணக்கு இடிக்கக் கூடாது என்று நினைக்கிற பெண்ணுக்கு இது புரியாதா என்ன?

ராணுவத்தில் ரேஷன், எரிபொருள், போக்குவரத்து ஆகியவை ஆர்மி சர்வீஸ் கோர் பொறுப்பு. உடுப்பு, ஆயுதம், வெடிமருந்து ஆகியவை ஆர்மி ஆர்ட்னன்ஸ் கோர் பொறுப்பு. 1992-ல் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்கத் தொடங்கியபோது முதலில் திறந்த கதவுகளில் இவை இரண்டும் உண்டு. பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணிக்கு 2020-ல் உச்ச நீதிமன்றமும் வழிவிட்டது. இந்த அதிகாரி வேலையைத்தான் மாமா "எடுபிடி வேலை" என்றார். அங்கேயே மறுத்தேன்.

அந்த அதிகாரி ஆவதற்கு வழி இதுதான். பக்கத்து ஊர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், கூடவே என்.சி.சி. (தேசிய மாணவர் படை). மூணு வருஷத்தில் அதன் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு, பட்டத்தில் 50 சதவீதம் இருந்தால் என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வே இல்லை. விண்ணப்பம் தேறினால் நேராக எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணல். இன்னொரு வழி, யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். என்ற முப்படை அதிகாரிகளுக்கான எழுத்துத் தேர்வு. வருஷத்துக்கு இரண்டு முறை. பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பரங்கிமலை அகாடமிக்கு ஆங்கிலமும் பொது அறிவும் போதும். பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளியில், தமிழ் வழியில். அதனால் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாயும் மாதாமாதம் வரும்.

கசப்பையும் சொன்னேன். பெண்களுக்கு இடங்கள் மிகக் குறைவு. எஸ்.எஸ்.பி. ஐந்து நாள், பேச்சு ஆங்கிலத்தில். அதனால் இன்றிலிருந்தே தினம் ஒரு ஆங்கிலப் பத்திரிகையை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எந்தப் பிரிவு கிடைக்கும் என்பது தகுதி வரிசையையும் காலியிடத்தையும் பொறுத்தது. கேட்டது கிடைக்காமலும் போகலாம். சொந்தக் காரணத்துக்காகப் பயிற்சியைப் பாதியில் விட்டால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். தேறாவிட்டால்? கையில் பட்டம் இருக்கும், கடன் இருக்காது. ஆர்ட்னன்ஸ் கோரிலேயே சீருடை இல்லாத சிவிலியன் மெட்டீரியல் அசிஸ்டென்ட் பணிக்குப் பட்டதாரிகளை எடுக்கிறார்கள், இந்திய உணவுக் கழகம் இருக்கிறது. எல்லாம் இதே கணக்கு வேலைதான்.

கிளம்பும்போது மாமா, "டிகிரி முடிச்சதும் ஒரு நல்ல இடம் வந்தா..." என்று இழுத்தார். கல்யாணம் ஆகாதவர்கள்தான் இதற்கு விண்ணப்பிக்க முடியும், பயிற்சி முடியும்வரை கல்யாணம் கூடாது என்று சொன்னேன். அந்தப் பேச்சை நாலைந்து வருஷத்துக்கு வீட்டில் எடுக்கவே வேண்டாம் என்று அப்பாவிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். மாமா பதில் சொல்லவில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் ஒன்றை நேரில் போய்க் கேளுங்கள்: அங்கே மாணவிகளுக்கு என்.சி.சி. உண்டா, முதலாண்டில் எத்தனை பேரை எடுக்கிறார்கள், அதற்கு ஆள் எடுப்பது எந்த வாரம்? அந்த வாரத்தைத் தவறவிட்டால், எழுத்துத் தேர்வு இல்லாத அந்த வழி கைநழுவிப் போகும்.