ஸ்கோபஸில் 12, ஸ்காலரில் 41: எதை எழுதுவது?

உங்களை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் 12, ஆய்வுகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் 41; படிவத்தில் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். படிவம் எந்தத் தளம் என்று சொல்லாவிட்டால் ஸ்கோபஸின் 12-ஐ எழுதுங்கள். கூகுள் ஸ்காலரின் 41-ஐ அடுத்த வரியில், பார்த்த தேதியோடு தனியாகக் குறியுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

இவ்வளவு வித்தியாசத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் பெயரைத்தான். நம் திருநெல்வேலிப் பக்கத்து இசக்கிமுத்து ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையில் 'ஈ' (E) எழுத்திலும் இன்னொன்றில் 'ஐ' (I) எழுத்திலும் தொடங்குவார். அப்பாவின் இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். ஸ்கோபஸுக்கு அவர் இரண்டு ஆள்; மேற்கோள்களும் இரண்டாகப் பிரிந்துவிடும்.

1. ஸ்கோபஸ் ஆசிரியர் தேடலில் எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். சந்தா தேவையில்லை.

2. இரண்டு பக்கங்கள் வந்தால் இணைக்கக் கோரிக்கை அனுப்புங்கள். ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) எண்ணும் இன்றே எடுத்துவிடுங்கள்.

இணைத்தாலும் 41 வராது. ஸ்காலர் ஆய்வேடுகளில் வரும் மேற்கோள்களையும், ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் இதழுக்கு முன்பே வெளியிடப்படும் முன்பதிப்புகளில் வருவனவற்றையும் எண்ணுகிறது. உங்கள் துறையான, மூளையைப் பின்பற்றும் சில்லுத் துறையில் பல வேலைகள் முன்பதிப்பாகத்தான் முதலில் வெளிவருகின்றன. மேற்கோள் சேர நாளாகும் என்பதற்கும் இத்துறையிலேயே உதாரணம் உண்டு: மெம்ரிஸ்டர் என்ற, நினைவு கொண்ட மின்தடையை முன்மொழிந்த லியோன் சுவாவின் கட்டுரை 1971-இல் வந்தது, 2008-இல் எச்.பி. ஆய்வகம் அந்தப் பெயரில் ஒரு கருவியை அறிவித்த பிறகுதான் அதன் மேற்கோள்கள் பெருகின. நரம்பணு இணைப்பைப் போலச் செயல்படும் உங்கள் சினாப்ஸ் சுற்றுக் கட்டுரைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்; 12 குறைவே இல்லை.

ஒரே வேலையின் மாநாட்டு வடிவமும் இதழ் வடிவமும் ஸ்காலரில் ஒன்றாகிவிட்டனவா என்றும் பாருங்கள். தலைப்பு வேறானால் பிரித்தே வையுங்கள்.