புத்தகத் தட்டு தொய்யாமல் இருக்க...

கேள்வி: சென்னையில் புது ஃப்ளாட். ஹாலில் 8 அடி அகலம், 7 அடி உயரத்தில் ஆறு தட்டு புத்தக அலமாரி போடுகிறோம். 400 புத்தகங்கள் உள்ளன. பார்ட்டிகிள் போர்டில் (மரத்தூளை அழுத்திச் செய்யும் பலகை) 4 அடித் தட்டுகள் போதும், நிறவாரியாக அடுக்கிப் பாதி இடத்தில் ஷோபீஸ் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்கிறார் காண்டிராக்டர். சரியா?

பதில்: 4 அடித் தட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். நெருக்கி அடுக்கினால் ஓர் அடிக்கு ஏறக்குறைய 8 முதல் 10 கிலோ வரும். அத்தனை கனத்துக்குப் பார்ட்டிகிள் போர்டு நடுவில் தொய்ந்துவிடும். அப்புறம் எப்படி அடுக்கினாலும் அழகு வராது. 18 மி.மீ. பிளைவுட் கேளுங்கள். 8 அடியை நான்காகப் பிரித்தால் தட்டு 2 அடிதான், அசையாது.

இங்கேதான் ஏமாற்றுவார்கள். கொட்டேஷனில் '710 கிரேடு' (ஈரம் தாங்கும் உயர்தர பிளைவுட்) என்றிருக்கும், வந்து இறங்குவது வேறாக இருக்கும். மைக்கா ஒட்டிவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. அறுப்பதற்கு முன்பே பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் சி.எம்/எல் எண் என்னும் உரிம எண்ணையும் பாருங்கள். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். கடையிலும் கிடங்கிலும் நடக்க வேண்டிய சோதனையை வீட்டுக்காரர் தலையில் கட்டியிருக்கிறார்கள், என்ன செய்வது! இன்னொன்று, கதவில்லாத அலமாரிக்கும் கதவுள்ள வார்ட்ரோபின் சதுர அடி விலையையே போடுவார்கள். பேசிக் குறையுங்கள்.

கண்ணாடிக் கதவு வேண்டாம். மழைக்கால ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் வரும். வீடு பெரிய சாலையை ஒட்டியிருந்து, தினமும் துடைத்தும் தூசி படிகிறது என்றால் மட்டும் போடலாம். அப்போதும் கதவின் மேலும் கீழும் விரல் நுழையும் இடைவெளி விடுங்கள், வாரம் ஒருநாள் திறந்து வையுங்கள். சுவருக்குப் பின்னால் குளியலறை இருந்தால் அந்த இடமே வேண்டாம்.

புத்தகம் சராசரியாக முக்கால் அங்குலத் தடிமன் என்றால் 400 புத்தகத்துக்கு 25 அடி. உங்கள் தட்டுகளோ மொத்தம் 48 அடி. மீதியை ஷோபீஸ் வாங்கி நிரப்பாதீர்கள். ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்கு அந்த இடம் வேண்டும். நிறவாரியாக அடுக்கினால் தேடும் புத்தகம் கைக்குக் கிடைக்காது. பொருள்வாரியாக அடுக்குங்கள், கனமானவை கீழே இருக்கட்டும். புத்தகங்களைச் சுவரோரம் தள்ளாமல் முதுகுகளைத் தட்டின் முன்விளிம்புக்கு ஒரே கோடாக இழுத்து வைத்தாலே அலமாரி எடுப்பாகிவிடும்.