சங்க வேலைக்குப் போகிறேன் என்கிற பிள்ளை

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. தம்பி டிப்ளமோ முடித்து நல்ல ஆலையில் இருக்கிறார், இப்போது தொழிற்சங்கத்தில் பொறுப்பு எடுக்கப் போகிறேன் என்கிறார், நாளைக்கு அரசியல் என்பாரோ என்று பயப்படுகிறீர்கள். பயம் நியாயம்தான். அதற்காக உடனே தடுத்துவிடாதீர்கள். பிரிட்டனில் உள்ள வேல்ஸ் நாட்டு அரசியல்வாதி அனூரின் பெவன் வந்த வழியைக் கொஞ்சம் பாருங்கள்.

1897-இல் ட்ரெடிகர் என்ற நிலக்கரி ஊரில் பிறந்தவர். 13 வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கினார். பேச்சில் திக்கல் வேறு. ஒரு சொல் வாயில் சிக்கினால் அதே பொருளுள்ள இன்னொரு சொல்லுக்குத் தாவிவிடுவார். அதற்கென்றே சொற்களைத் தேடிச் சேர்த்தார், தொழிலாளர் நூலகத்தில் விழுந்து விழுந்து படித்தார். பிற்பாடு நாடாளுமன்றத்தில் சர்ச்சிலையே எதிர்த்து நின்ற பேச்சு அப்படி வந்ததுதான்.

19 வயதில் சங்கக் கிளைத் தலைவர். 1919-இல் சங்கமே செலவு செய்து லண்டன் தொழிலாளர் கல்லூரிக்கு அனுப்பியது. 2 ஆண்டுப் படிப்பு. திரும்பி வந்தால் சுரங்கத்தில் வேலை தர ஆளில்லை. இடையில் கிடைத்த வேலையும் சில மாதங்களில் போனது. சகோதரி சம்பாதிக்கிறாள் என்று சொல்லி வேலையில்லாதவர்களுக்கான அரசு உதவித்தொகையையும் நிறுத்திவிட்டார்கள். 1926-இல்தான் வாரம் 5 பவுண்டு சம்பளத்தில் சங்க அலுவலர் ஆனார். அப்புறம் 1929-இல் எம்.பி., 1945-இல் சுகாதார அமைச்சர்.

தம்பியிடம் அந்த வேலையில்லாத வருடங்களைத்தான் முதலில் சொல்லுங்கள். அந்த நாளில் வீடு ஓடியது சகோதரியின் சம்பளத்தில். உங்கள் வீட்டில் அப்படி யார் இருக்கிறார்கள்?

சங்க அனுபவம் வீண் என்று மட்டும் நினைக்காதீர்கள். ட்ரெடிகரில் தொழிலாளர்கள் கூலியில் ஒரு பங்கைப் போட்டு, தங்களுக்கென்று மருத்துவர், மருந்து, மருத்துவமனை எல்லாம் நடத்திவந்தார்கள். அதைக் கிட்ட இருந்து பார்த்தவர் பெவன். பிரிட்டன் முழுவதற்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதார சேவையை 1948 ஜூலை 5-இல் தொடங்கி வைத்தவர் அவர்தான்.

சரி, தம்பி இப்போது என்ன செய்யலாம்? வேலையை விட வேண்டாம். ஷிப்ட் முடிந்த பிறகு சங்கப் பொறுப்பைப் பார்க்கட்டும். தொழிலாளர் சட்டம் படிக்கட்டும். மேடை பிறகு, முதலில் சக தொழிலாளி ஒருவரின் பி.எஃப். மனுவையோ விபத்து இழப்பீட்டு மனுவையோ தானே எழுதி, பணம் கைக்கு வரும்வரை அலையட்டும். அந்த அலைச்சல் பிடித்திருந்தால் இது அவருக்கான வேலைதான்.

அடுத்த முறை அவரையும் கூட்டி வாருங்கள். சம்பளச் சீட்டும் வீட்டுக் கடன் விவரமும் கையில் இருக்கட்டும். மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.