அந்தப் பழைய கச்சேரி போஸ்டர் அசலா?

கேள்வி: 1966 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் அவலான் பால்ரூமில் நடந்த கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழுவின் கச்சேரி போஸ்டர், ரோஜா சூடிய எலும்புக்கூடு படம், ஆன்லைனில் விற்பனைக்கு வந்திருக்கிறது. "அசல்தான், மாமா வீட்டுப் பெட்டியில் கிடந்தது" என்கிறார் விற்பவர். ஓரமெல்லாம் மஞ்சளாகி, மடிப்புத் தடம் விழுந்து, நான்கு மூலையிலும் ஊசித் துளைகளோடு இருக்கிறது. அந்தக் குழுவின் பாட்டென்றால் உயிரை விடும் என் அக்காவுக்குப் பரிசாக வாங்க ஆசை. விலைதான் பயமுறுத்துகிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: மஞ்சள் நிறத்தையும் ஊசித் துளையையும் கணக்கிலேயே எடுக்காதீர்கள். புதுக் காகிதத்தைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்து எடுத்தால் ஒரே நாளில் பழசாகத் தெரியும். துளையை யாரும் குத்தலாம். மாமா வீட்டுப் பெட்டிக் கதை உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்த மாமாவே பத்து வருடம் கழித்து வந்த நகலை வாங்கி வைத்திருக்கலாமே! பார்க்க வேண்டியது அச்சை.

ஸ்டான்லி மவுஸும் ஆல்டன் கெல்லியும் சேர்ந்து உருவாக்கிய போஸ்டர் இது. ஃபேமிலி டாக் என்ற அமைப்பு நடத்திய கச்சேரி வரிசையில் 26-ஆவது. இந்த வரிசைப் போஸ்டர்களைக் கேட்டு வாங்கியவர்கள் அதிகம் என்பதால், கச்சேரி முடிந்த பிறகும் அமைப்பே பலவற்றை மறுபடி அச்சிட்டது. எனவே அசலா, போலியா என்ற கேள்வி மட்டும் போதாது. கச்சேரிக்கு முன் அச்சானது, அதே அமைப்பு பின்னர் அச்சிட்டது, யாரோ படமெடுத்து அடித்த நகல் என்று மூன்று வகை உண்டு. சேகரிப்பாளர்கள் முதல் அச்சை ஓபி-1 என்றும், அமைப்பே பின்னர் போட்ட இரண்டாம் அச்சை ஆர்பி-2 என்றும் குறிப்பார்கள். மூன்றுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விற்பவரிடம் "இது எத்தனையாவது அச்சு?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அங்கேயே எச்சரிக்கையாகிவிடுங்கள்.

அடுத்து, எழுத்தின் விளிம்பையும் கெட்டியாக நிறம் பூசிய ஓர் இடத்தையும் மிக நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸை செல்போன் கேமராவின் முன்னால் வைத்தாலே போதும். அக்காலத்து ஆஃப்செட் போஸ்டர்களில் பெரும்பாலும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மை. சிவப்பு என்றால் முழுக்கச் சிவப்பு, எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும். அதைப் படமெடுத்து நான்கு வண்ண அச்சில் நகலெடுக்கும்போது எல்லாமே புள்ளிகளாக உடையும்: மெஜந்தாப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் கலந்து சிவப்பு போலத் தோன்றும், எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். இங்க்ஜெட் என்றால் மை தூவியது போல ஒழுங்கில்லாத புள்ளிகள் தெரியும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: புள்ளி இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால் அது நகல்தான், ஆனால் புள்ளி இல்லை என்பதாலேயே அசலாகிவிடாது. கோட்டோவியத்தைப் புது அச்சுத் தகட்டில் சுத்தமாக ஏற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை மடிப்புத் தடம். போஸ்டரைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி படமெடுக்கச் சொல்லுங்கள். உண்மையான மடிப்பு மேடு பள்ளமாகத் தெரியும். படத்தில் மடிப்பு இருந்து, காகிதம் வழவழவென்று இருந்தால், வேறொரு பழைய போஸ்டரின் மடிப்பைத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். டேப் கறைக்கும் இதே கதிதான். பின்பக்கத்தின் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அளவு சுமார் 14-க்கு 20 அங்குலம். மில்லிமீட்டர் கணக்கில் கேட்டு, பெரிய ஏல நிறுவனங்கள் விற்ற முதல் அச்சின் அளவோடும் படத்தோடும் ஒப்பிடுங்கள். நகலெடுக்கும்போது படம் சற்றுச் சுருங்குவதும் ஓரம் வெட்டுப்படுவதும் உண்டு.

புற ஊதா விளக்கில் காகிதம் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் போலி என்று பலர் சொல்வார்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் 1950-களிலேயே பரவலாகிவிட்டது. அதனால் 1930-களின் போஸ்டருக்கு அந்தச் சோதனை நல்ல சாட்சி, 1966-க்கு அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

விற்பவர் தானே அச்சிட்டுக் கொடுக்கும் சான்றிதழுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. போஸ்டர்களைப் பரிசோதித்து உறையிட்டுத் தரும் சுயேச்சையான நிறுவனங்கள் உண்டு, அவர்கள் சான்று இருந்தால் அதன் எண்ணை அந்த நிறுவனத்திடமே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரசீதில் "பழைய போஸ்டர்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "1966, முதல் அச்சு, அப்படி இல்லையென்றால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்" என்று எழுத்தில் வாங்குங்கள். பணத்தை நேரடியாக அவர் கணக்குக்கு அனுப்பாமல், புகார் செய்து திரும்பப் பெற வழியுள்ள முறையில் செலுத்துங்கள்.

விசாரித்ததில் ஆர்பி-2 என்று தெரிந்தால், அந்த விலைக்குக் கொடுக்கச் சொல்லித் தயங்காமல் வாங்குங்கள். அதுவும் அதே அமைப்பு அச்சிட்டதுதான், அக்கா சுவரில் மாட்டி ரசிக்க அது தாராளமாகப் போதும்.